பட்டாளத்துக்குப் போகாத ஹவில்தார்

செம்மேட்டுப்பேட்டைக்கும் வடபாலூர் ரயிலடிக்கும் நடுவே கரி எரித்து ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி வாக்கில், டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் ஏகாம்பரத்தின் இடது தோளில் ஒரு துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. சுட்டவன் யாரும் இல்லை. பஸ்ஸின் தகரத்தில் ஓட்டை விழவில்லை, கண்ணாடி உடையவில்லை, வெளியே கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிரவில்லை. அவன் போட்டிருந்த காக்கிச் சட்டைகூடக் கிழியவில்லை. சட்டைக்குள்ளே தோல் மட்டும் பிளந்து, எலும்பு நொறுங்கி, ரத்தம் கையோடு வழிந்து இறங்கி டிக்கெட் கட்டை நனைத்தது. ஏகாம்பரம் அலறினான். அலறல் அவன் வாயிலிருந்துதான் வந்தது, ஆனால் அவன் குரலில் வரவில்லை. இன்னும் முழுசாக உடையாத, ஓரம் கீச்சிடும் ஒரு பையன் குரலில், "ஆயா, ஆயா" என்று வந்தது.

மூன்றாவது சீட்டில் கத்தரிக்காய்க் கூடையை மடியில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த செங்கேணி எழுந்து நின்றாள்.

"எம்புள்ள வரதன் கூப்படறான்" என்றாள்.

வரதன் பட்டாளத்துக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அவன் அப்போது கடலுக்கு அப்பால், பெயர் சொல்லத் தெரியாத ஒரு காட்டில் இருந்தான். ஆனாலும் பஸ்ஸில் இருந்த யாரும் செங்கேணியைப் பைத்தியம் என்று நினைக்கவில்லை, ஏனென்றால் வரதனின் குரல் எல்லோருக்கும் தெரியும். ஐந்தாறு வருஷம் அதே ரோட்டில் ஆடு ஓட்டிக்கொண்டு போனவன் அவன். டிரைவர் உஸ்மான் பாய் வண்டியை நேரே தர்ம ஆஸ்பத்திரிக்கு விட்டார். கம்பவுண்டர் தேவசகாயம் தோளைத் தோண்டி, நசுங்கிய ஈயத் துண்டு ஒன்றை எடுத்துத் தட்டில் போட்டார். ஐந்து வாரம் கழித்து, வரதனோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஒருவன் எழுதிய கடுதாசி வந்தது: இடது தோளில் அடி, உயிருக்குப் பயமில்லை, செவ்வாய்க்கிழமை காலையில் பட்டது.

அந்தத் தோளில் பட்டது ஏன் இந்தத் தோளுக்கு வந்தது என்பதை விசாரிக்க யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. காரணம் அவர்கள் கண்முன்னால் ஊருக்கு ஊர் சுவரில் ஒட்டியிருந்தது.

பதினாலு மாதத்துக்கு முன்னால், சண்டை தொடங்கிய மறு வருஷம், ஆள் சேர்க்கும் ஜமேதார் ராகவலு செம்மேட்டுப்பேட்டைக்கு வந்து சாவடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபோது, வரிசையில் முதல் ஆளாக நின்றவன் ஏகாம்பரம். இருபத்தாறு வயசு, ஆறடி உயரம், கதவு மாதிரி மார்பு, முறுக்கி விட்ட மீசை. மார்பை அளந்தார்கள், பல்லைப் பார்த்தார்கள், எல்லாவற்றிலும் தேறினான். கடைசியில் டாக்டர் அவன் வலது காதுப் பக்கம் கைக்கடிகாரத்தை வைத்து, "சத்தம் கேக்குதா?" என்றார். சின்ன வயசில் சீழ் வைத்துச் செத்துப்போன காது அது. அவனுக்கு அந்தக் கேள்வியே கேட்கவில்லை. தள்ளிவிட்டார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு அவமானத்தோடு வெயிலில் இறங்கியவனை ஜமேதார் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"காது போட்டோவுல தெரியாது" என்றார்.

ரயிலில் மதராசுக்கு அழைத்துப்போனார்கள். நாலு நாள் அங்கே இருந்தான். யாருக்கோ தைத்த உடுப்பை அவனுக்கு மாட்டி, முதுகுப் பக்கம் குண்டூசியால் பிடித்து, துணியில் எழுதிய மலைக்கு முன்னால் நிறுத்தினார்கள். "தூரத்துல எதிரி நிக்கிறான்னு நெனச்சுக்கப்பா" என்றார் போட்டோக்காரர். அவன் எதிர்ச் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்து முறைத்தான். ஸ்டுடியோவின் பின்கட்டில் நாலு நாளும் அவனுக்குத் தயிர்சோறு போட்டார்கள். பட்டாள முகாம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது.

இரண்டு மாதத்தில் அந்தப் படம் வந்தது. கள்ளுக்கடை மதிலில், குளத்துப் படிக்கட்டில், சந்தை மேட்டில், பள்ளிக்கூடத்தில், கடைசியில் அவன் ஏறி இறங்கும் பஸ்ஸின் முதுகிலேயே வந்து ஒட்டினார்கள். சிவப்பும் பச்சையுமாக, கண்ணில் தீ பறக்க, மலையளவு ஏகாம்பரம். கீழே கொட்டை எழுத்தில்: "ஹவில்தார் வீரசிங்கம் சேர்ந்துவிட்டார். நீங்கள்?" அதற்கும் கீழே: "நல்ல சாப்பாடு. நல்ல உடுப்பு. நாலு தேசம் பார்க்கலாம்."

சொந்த ஊர்க்காரர்கள் கேட்டபோது, தள்ளிவிட்டார்கள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "ரிசர்வுல வச்சிருக்காங்க, அவசரத்துக்குக் கூப்புடுவாங்க" என்றான். அவன் மனைவி ராஜாமணி அதை நம்பினாள். பஸ்ஸில் ஏறுகிறவர்கள் "ஹவில்தாரே, ரெண்டு டிக்கெட்" என்றார்கள். அவன் விறைப்பாக நின்று கிழித்துக் கொடுத்தான். ஒரு வாரம் நாக்கில் கூச்சமாக இருந்த பொய், அடுத்த வாரம் சட்டை மாதிரி உடம்போடு ஒட்டிக்கொண்டது.

ஏரிக்கரையில் கரி போட வண்டி நிற்கும்போது பையன்கள் வந்து சூழ்ந்துகொள்வார்கள். அப்படி ஒரு நாள் தாண்டவராயன் வந்தான். மாட்டுவண்டி ஓட்டுகிறவன், பத்தொன்பது வயசு. ரோட்டுக்கு ஜல்லி உடைக்கிற பச்சையம்மாவின் ஒரே மகன். மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, ஏகாம்பரத்தின் நல்ல காதுப் பக்கமாக வந்து நின்று, தணிந்த குரலில் கேட்டான்.

"அண்ணா, நெசத்த சொல்லுங்க. காகிதத்துல போட்டிருக்கறது மெய்யா?"

எனக்குத் தெரியாதுடா என்ற வார்த்தை ஏகாம்பரத்தின் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் வேறொரு வாய் பேச ஆரம்பித்துவிட்டது.

"தெனமும் கறி போடறாங்கடா. நாலு நாளும் நானே துன்னேன். ஆளுக்கு ரெண்டு கம்பளி, ஒரு ஜதை பூட்ஸு. சண்டைன்னா இன்னாவோ நெனச்சுக்கினு இருக்கீங்க, நம்மள முன்னால வுட மாட்டாங்க. மூட்டை தூக்கறது, லாரி கழுவறது, அவ்ளோதான் வேலை."

தாண்டவராயன் தலையை ஆட்டினான். மறுநாள் சாவடிக்குப் போய்ப் பெயர் கொடுத்தான். அந்த ரோட்டு ஓரத்துப் பதிமூன்று ஊர்களிலிருந்து நாற்பத்து மூன்று பேர் போனார்கள். எல்லோரையும் அந்தப் பஸ்ஸிலேயே ஏற்றி, எல்லோருக்கும் முதுகில் தட்டிக் கொடுத்து, ரயிலடியில் இறக்கிவிட்டவன் ஏகாம்பரம்தான்.

ஆகவே காயங்கள் வர ஆரம்பித்தபோது ஊர் அதைப் புதிர் என்று எண்ணவில்லை. அழைத்துப்போனவன் உடம்பில் கணக்கு எழுதப்படுகிறது என்று அவ்வளவு லேசாகப் பேசிக்கொண்டார்கள்.

வரதனின் தோளுக்குப் பிறகு ஒரு மாதம் ஒன்றுமில்லை. அப்புறம் மழைக்காலத்து மேகம் மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. தொடையில் கத்தி கிழித்தது. அட்டைகள் கடித்த தழும்பு கணுக்கால் முழுக்கப் பூத்தது. ஒரு மத்தியானம் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டிருந்தபோது இடது கையின் இரண்டு விரல்கள் துண்டாகிப் பயணியின் காலடியில் விழுந்தன. மேல்குப்பத்துப் பெருமாளின் குரலில் "எம்மோ" என்று கத்திவிட்டு, தோள் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, மீதி மூன்று விரலால் அடுத்த டிக்கெட்டைக் கிழித்தான். வெள்ளிக்கிழமை ஒன்றில் முதுகு முழுக்க நெருப்புப் பிடித்தது. சட்டை வேகவில்லை, சட்டைக்கடியில் சதை வெந்தது, பஸ் முழுக்கப் பொசுங்கும் வாடை அடித்தது. "அம்மீ, அம்மீ" என்று அவன் சீட்டுகளுக்கு நடுவே புரண்டான். லாரி ஓட்டப் போன அப்துல் ஹமீதின் தாய் ஜைத்தூன் பீயை ஆளனுப்பிக் கூட்டிவருவதற்குள் குரல் அடங்கிவிட்டது.

"எத்தனை தடவை கூப்பிட்டான்?" என்று ஜைத்தூன் பீ கேட்டாள்.

"ஏழு தடவை" என்றார் உஸ்மான் பாய்.

"நான் இல்லாமப் போயிட்டேனே" என்றாள்.

அதற்கப்புறம்தான் தாய்மார்கள் பஸ்ஸிலேயே இருக்க ஆரம்பித்தார்கள். காலை முதல் வண்டிக்கு வருவார்கள், மாலை கடைசி வண்டியில் இறங்குவார்கள். கீரை ஆய்வதும், பூ கட்டுவதும், பேன் பார்ப்பதும், அரிசி புடைப்பதும் ஓடுகிற பஸ்ஸிலேயே நடந்தன. ஒருத்திக்கு முடியாத நாளில் மற்றவள் அவளுக்காகக் கேட்டு வைக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். சண்டைக்குப் பிள்ளையை அனுப்பாதவர்கள் சீட்டில் உட்காரக் கூடாது, நின்றுகொண்டு வரலாம் என்பது எழுதாத சட்டமாயிற்று. கம்பவுண்டர் தேவசகாயம் பஞ்சும் அயோடினும் ஒரு டப்பாவில் போட்டு டிரைவர் சீட்டுக்கடியில் வைத்தார். பஸ் முதலாளி ஒரு நாள் கோபமாக வந்து ஏறினார், ஒரு நடை முழுக்க உட்கார்ந்து பார்த்தார், இறங்கிப் போனார்.

ஏகாம்பரத்துக்குச் சோறு போடுவதிலும் போட்டி வந்தது. அவன் வயிற்றில் விழுவது தங்கள் பிள்ளைகளின் வயிற்றிலும் விழும் என்று யாரோ கிளப்பிவிட, ஒருத்தி கோழிக்குழம்பு கொண்டுவந்தாள், ஒருத்தி ஆட்டுக்கால் கொண்டுவந்தாள். அரிசிக்கே அலைகிற அந்த வருஷத்தில் எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்று அவன் கேட்கவில்லை. கேட்கப் பயந்தான். தினமும் கறி தின்றான். அவர்கள் எதிரே உட்கார்ந்து அவன் தொண்டையையே பார்த்தார்கள்.

ஆறிப்போகும் காயம் எது, ஆறாத காயம் எது என்று அவர்களுக்குத் தெரிந்தது வரதனின் இரண்டாவது அடியில்தான். இந்த முறை வயிறு. தொப்புளுக்கு மேலே ஒரு முஷ்டி நுழையும் அளவுக்குத் திறந்தது. "ஆயா" என்று ஒரே ஒரு தடவை, யாரோ பக்கத்தில் இருப்பவளைக் கூப்பிடுகிற மாதிரி மெதுவாகச் சொன்னது குரல். செங்கேணி தன் உள்ளங்கையை அந்தக் காயத்தின் வாய் மேல் வைத்து அழுத்தினாள். முதலில் சூடாக இருந்தது, அப்புறம் வெதுவெதுப்பாக இருந்தது, பஸ் ஏரிக்கரையைத் தாண்டும்போது சில்லென்று ஆயிற்று. ரத்தம் நின்றுவிட்டது. காயம் மூடவில்லை. சீழ் வைக்கவில்லை, நாறவில்லை, வலிக்கவும் இல்லை. உள்ளே விரலை விட்டால் கிணற்றுக் கல்லைத் தொட்டது மாதிரி இருந்தது. செங்கேணி அங்கேயே தலையை விரித்துப் போட்டாள். பத்தொன்பது நாள் கழித்துத் தந்தி வந்தபோது அவள் பதினாறாம் நாள் காரியத்தையும் முடித்திருந்தாள். அதே நாள் தபாலில், வரதன் சாவதற்கு முன் அனுப்பிய அச்சடித்த கார்டும் வந்தது. அதில், "நான் நலமாக இருக்கிறேன்" என்ற வரியை விட்டுவிட்டு மற்ற வரிகளை எல்லாம் மையால் அடித்திருந்தது.

சண்டையின் ஐந்தாம் வருஷக் கடைசியில் ஏகாம்பரத்தின் உடம்பில் மூடாத காயங்கள் ஒன்பது இருந்தன. ராஜாமணி காலையில் ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லி, இரட்டைத் துணி வைத்துத் தைத்த சட்டையை மாட்டிவிடுவாள். அவள் அவனிடம் உண்மையைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. "முகம் மட்டும் எப்படி அப்படியே இருக்குது?" என்று ஒரு தடவை கேட்டாள். அது மெய். கழுத்துக்குக் கீழே உழுத கொல்லை மாதிரி கிடந்த உடம்பின் மேல், அந்த முகம் மட்டும் சுவரில் இருப்பது போலவே, கீறல் இல்லாமல் இருந்தது.

அந்த முகத்துக்காகத்தான் ஜமேதார் ராகவலு திரும்பி வந்தார். அவருக்கு நரைத்திருந்தது. இன்னும் ஆள் வேண்டும் என்று மேலிருந்து நெருக்குகிறார்கள், இந்தப் பதிமூன்று ஊரில் ஒருத்தனும் வரமாட்டேன் என்கிறான், வதந்தி பரப்புகிறவர்களைப் பிடித்து உள்ளே போட உத்தரவு இருக்கிறது என்றார். சட்டையைத் தூக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சட்டையை இறக்கு" என்றார். "வியாழக்கிழமை சந்தைக்கு லாரி வருது. உடுப்பப் போட்டுக்கினு லாரி மேல ஏறி மூணு வார்த்தை சொல்லு, போதும். நான் போனேன், வந்தேன், நல்லா இருக்கேன்."

"நான் போகவே இல்லையே சார்."

"நான் மட்டும் தெரிஞ்சா போனேன்?" என்றார் ஜமேதார். "எங்க ஊருக்கும் ஒருத்தன் வந்து சொன்னான். அவனுக்கு எவன் சொன்னானோ. ஏறு, சொல்லு, இறங்கு."

வியாழக்கிழமை உச்சி வெயிலில், கிராமபோன் பாடிக்கொண்டிருந்த லாரி மேல் ஏகாம்பரம் ஏறினான். இந்த முறை உடுப்பு அளவாகத் தைத்திருந்தது. கீழே சந்தை முழுக்கத் தலைகள். முன்வரிசையில் ஜமேதார் சேர்த்து வைத்திருந்த வேலையில்லாத பையன்கள், அவர்களுக்குப் பின்னால் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த தாய்மார்கள். கிராமபோனை நிறுத்தினார்கள். அவன் ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றி, சட்டையை உரித்து, லாரியின் தகரத்தில் போட்டான்.

"எம்பேரு ஏகாம்பரம்" என்றான். "வீரசிங்கம் இல்ல. நான் பட்டாளத்துக்குப் போகல. காது செவிடுன்னு தள்ளிட்டாங்க. நாலு நாளு மதராசுல இருந்தேன், போட்டோ புடிச்சாங்க, தயிர்சோறு போட்டாங்க. கறின்னு சொன்னது பொய். மூட்டை தூக்கற வேலைன்னு சொன்னதும் பொய். எனக்கு ஒண்ணும் தெரியாது. இது வரதன்." வயிற்றைத் தொட்டான். "இது அப்துல் ஹமீது. இது காசிநாதன். இது மேல்குப்பத்துப் பெருமாளு, வெரலு போன அன்னிக்கு இல்ல, அதுக்கு அப்புறம்."

ஆறாவது பெயரைச் சொல்லும்போது கான்ஸ்டபிள்கள் லாரியில் ஏறிவிட்டார்கள். லத்தியால் முழங்காலில் அடித்து விழவைத்து, தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கீழே மண்ணில் தள்ளினார்கள். நாலு பேர் சூழ்ந்து அடித்தார்கள். துப்பாக்கிக் கட்டை காறை எலும்பில் இறங்கி அது முறிந்த சத்தம் வெற்றிலைக் கடைவரை கேட்டது. பூட்ஸ் கால் வாயில் பட்டு முன்பற்கள் இரண்டு தெறித்தன. மூன்று வருஷமாகக் கீறல் படாத முகம் கன்னத்திலிருந்து தாடைவரை கிழிந்து தொங்கியது. அவன் அலறினான்.

தாய்மார்கள் முண்டியடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். குனிந்து, காதைக் கொடுத்து, மூச்சை அடக்கிக் கேட்டார்கள். அலறல் ஏகாம்பரத்தின் சொந்தக் குரலில் இருந்தது.

"நம்ம புள்ளைங்க இல்ல" என்றாள் ஒருத்தி.

ஒருத்தி மற்றவளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னுக்கு நகர்ந்து நின்றார்கள். அடி இன்னும் கொஞ்ச நேரம் நடந்தது. பச்சையம்மா ஒருத்திதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், ஜல்லி உடைத்துக் காய்த்த கையால் ஒரு கான்ஸ்டபிளின் லத்தியைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையையும் அடித்துப் பார்த்தார்கள். அவள் விடவில்லை. ஜமேதார், "போதும்" என்றார்.

அன்றைக்கே பதினோரு பேர் பெயர் கொடுத்தார்கள். ரத்தம் ஈரமாகக் கிடந்த இடத்தைத் தாண்டித்தான் வரிசை நின்றது. அதில் நின்ற பூங்காவனம் என்பவன், கட்டிலில் தூக்கிக்கொண்டு போகப்படுகிற ஏகாம்பரத்தின் பக்கத்தில் கொஞ்ச தூரம் நடந்து வந்தான்.

"நீங்க சொன்னது பொய்னு முன்னால போனவங்களுக்கும் அப்பவே தெரியும்ணா" என்றான். "தெனமும் கறின்னு எவன் நம்புவான்? தெனமும் சோறாவது இருக்கும்னு போனாங்க. நானும் அதுக்குத்தான் போறேன்."

உண்மையைச் சொல்லிவிட்டதால் காயங்கள் நின்றுவிடும் என்று ராஜாமணி நம்பினாள். நிற்கவில்லை. காறை எலும்பு கூடுவதற்குள் விலாவில் ஒன்று, பாதத்தில் ஒன்று என்று நாற்பத்து மூன்று பேரில் உயிரோடு இருந்தவர்கள் தங்கள் பங்கைத் தந்துகொண்டேதான் இருந்தார்கள். ஆனால் சந்தையில் சேர்ந்த பதினோரு பேரின் காயம் ஒன்றுகூட அவன் உடம்புக்கு வரவில்லை. அவர்கள் உண்மையைக் கேட்டுவிட்டுப் போனவர்கள். அவர்கள் ரத்தம் அவர்களோடு நின்றது. அவர்களுடைய தாய்மார்களும் பஸ்ஸில் ஏறிப் பார்த்தார்கள், வாரக்கணக்கில் காத்திருந்தார்கள், அவர்களுக்கு எந்தக் குரலும் வரவில்லை. பூங்காவனத்தின் தாய் மரகதம் ஒரு நாள் ஓடுகிற பஸ்ஸில் எழுந்து வந்து ஏகாம்பரத்தின் கிழிந்த கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். தையல் பிரிந்தது.

"நாப்பத்தி மூணு பேருக்குப் பொய் சொன்னே, அவங்க அம்மாளுங்களுக்குச் சேதி வருது" என்றாள். "எம்புள்ளைக்கு மட்டும் எதுக்கு உண்மைய சொன்னே? எனக்கு இன்னா வருது? அச்சடிச்ச கார்டு வருது."

அவன் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அவளுக்கு டிக்கெட் கிழித்தான்.

பச்சையம்மா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். மூன்று வருஷமாக அந்தச் சீட்டு அவளுடையது. மூன்று வருஷமாகத் தாண்டவராயனிடமிருந்து ஒரு கீறல்கூட வந்ததில்லை. ஒரு காய்ச்சல், ஒரு அட்டைக்கடி, ஒன்றும் இல்லை. மற்றவர்கள் அவளைப் பொறாமையோடு பார்த்தார்கள். லத்தி பட்டு வளைந்த மணிக்கட்டோடு அவள் ஏகாம்பரத்துக்குக் கஞ்சி ஊட்டினாள், கட்டு மாற்றினாள். சந்தை நடந்து பத்து நாள் கழித்து ஒரு முறை கேட்டாள்.

"எம்புள்ளகிட்ட இன்னா சொன்னே? சொன்னத சொன்ன மாதிரியே சொல்லு."

அவன் சொன்னான். கறி, கம்பளி, பூட்ஸ், லாரி கழுவுகிற வேலை, ஒரு வார்த்தை விடாமல். அவள் கடைசிவரை கேட்டாள்.

"இத்தினியும் உன்ன அவன் கேட்டானா, இல்ல நீயா சொன்னியா?"

"மெய்யான்னு மட்டும்தான் கேட்டான் பெரிம்மா. மத்ததெல்லாம் நானா சொன்னது."

அவள் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் காலை முதல் வண்டிக்கு வழக்கம் போல் வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

மாசிக் கடைசியில் ஒரு பிற்பகல், பாலாற்று மணலில் காற்று சுழற்றிக்கொண்டிருக்க, பஸ் பாலத்தின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தபோது அது வந்தது. கழுத்துக்கும் மார்புக்கும் நடுவே, குழி விழுகிற இடத்தில், கூரான ஒன்று நுழைந்து, திருகி, வெளியே போனது. ஏகாம்பரம் முழங்கால் மடங்கி உட்கார்ந்தான். எத்தனையோ காயம் வாங்கிய உடம்பு அது. இது ஆறாத காயம் என்று படும்போதே அதற்குத் தெரிந்தது. தொண்டைக்குள் ஏறிவருகிற குரல் யாருடையது என்பதும் தெரிந்தது, ஏனென்றால் அந்தக் குரல் ஒரு காலத்தில் அவனுடைய நல்ல காதுக்கு மிகப் பக்கத்தில் தணிந்து பேசியது. அவன் தோளில் கிடந்த துண்டை உருண்டையாகச் சுருட்டி வாய்க்குள் திணித்தான். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். கண் பிதுங்கியது, கழுத்து நரம்புகள் கயிறாகப் புடைத்தன, விரல்களுக்கு நடுவே ரத்தம் நுரைத்தது. இவ்வளவு உண்மையைச் சொன்ன அதே வாயால் இந்த ஒரு பொய்யையாவது சொல்லி முடித்துவிட வேண்டும் என்று அவன் இன்னும் இறுக்கிப் பொத்தினான்.

பச்சையம்மா எழுந்து வந்தாள். அவனுக்கு முன்னால் குந்தினாள். உஸ்மான் பாய் பாலத்தின் நடுவிலேயே வண்டியை நிறுத்தினார்.

"கைய எடு" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான்.

"எம்புள்ள என்னக் கூப்படறத நீ எதுக்குடா அடைக்கிற? எடு."

கத்தவில்லை அவள். அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கச் சொல்வது போலச் சொன்னாள். அவன் கைகள் தளர்ந்தன. அவளே துண்டின் நுனியைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக, கன்றுக்குட்டியின் வாயிலிருந்து எடுப்பது போல வெளியே இழுத்தாள். துண்டு முழுக்கச் சிவப்பாக வந்தது. அதன் பின்னால் தாண்டவராயனின் குரல் வந்தது. வலியில் அலறுகிற குரல் இல்லை. சோர்வாக, பாரம் இறக்கிவிட்டு மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வாசலில் வந்து நிற்கிற குரல்.

"எம்மா, கதவத் தொற."

"தொறந்துதான்டா இருக்குது" என்றாள் பச்சையம்மா. "வா."

இன்னொரு தடவை குரல் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை. அவள் வளைந்த மணிக்கட்டுக் கையைக் குழியின் மேல் வைத்து, அது குளிர்கிறவரை எடுக்காமல் இருந்தாள். அப்புறம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வண்டிய எடு பாய்" என்றாள்.

தன் ஊர் முனையில் இறங்கினாள். ஏகாம்பரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் சீட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தபடி, ஜன்னல் வழியாக, அவள் புழுதியில் வேகமாக நடந்து போவதைப் பார்த்தான். வண்டி அங்கேயே நின்றது. கிளப்ப உஸ்மான் பாய்க்கு மனசு வரவில்லை. அவள் தன் குடிசைக்குப் போனாள், வெளியே போட்டிருந்த பூட்டைத் திறந்தாள், கதவை இரண்டு பக்கமும் விரியத் தள்ளினாள். காற்று ஒரு பக்கத்தைத் திரும்பச் சாத்தியது. அவள் வாசலில் குவித்திருந்த ஜல்லிக் குவியலிலிருந்து, இன்னும் உடைக்காத பெரிய கல் ஒன்றைத் தூக்கி வந்து, கதவோடு அணைத்து வைத்தாள்.